அடுக்குக்குறி விதிகளும் சென்னையின் எண்கணிதமும்

அடுக்குக்குறி விதிகள் என்பவை, ஓர் எண்ணை அதே எண்ணால் பலமுறை பெருக்குவதைச் சுருக்கி எழுதும்போது கடைப்பிடிக்கப்படும் விதிகளாகும். 2 × 2 × 2 × 2 × 2 என்பது 2⁵ என எழுதப்படும். இதில் 2 அடிமானம் எனவும், 5 அடுக்கு, படி அல்லது அடுக்குக்குறி எனவும் அழைக்கப்படும். பெருக்கலும் வகுத்தலும் கலந்த நீண்ட கோவைகளை இவ்விதிகளைக் கொண்டு சில வரிகளில் சுருக்கிவிடலாம். ஆனால் அடுக்கு எண்களைக் கூட்டினால் அல்லது கழித்தால் என்ன ஆகும் என்பது பற்றி இவ்விதிகள் எதுவும் கூறுவதில்லை. விதிகள் நின்றுவிடும் அந்த இடத்திலிருந்து எழுந்த சில கேள்விகளுக்கு விடை தேடியதில் சென்னைக்குக் குறிப்பிடத்தக்க பங்கு உண்டு. சீனிவாச இராமானுசன், சு. சிவசங்கரநாராயண பிள்ளை, இரா. பாலசுப்பிரமணியன் முதலியோர் இவ்வரிசையில் வருகின்றனர்.

விதிகள்

பள்ளிப் பாடநூல்களில் இடம்பெறும் முதன்மையான விதிகள் பின்வருமாறு:

- ஒரே அடிமானமுள்ள இரு அடுக்கு எண்களைப் பெருக்கினால் அடுக்குகளைக் கூட்ட வேண்டும்: 2³ × 2⁴ = 2⁷.
- ஒரே அடிமானமுள்ள இரு அடுக்கு எண்களை வகுத்தால் அடுக்குகளைக் கழிக்க வேண்டும்: 2⁷ ÷ 2⁴ = 2³.
- ஓர் அடுக்கு எண்ணை மீண்டும் அடுக்குக்கு உயர்த்தினால் அடுக்குகளைப் பெருக்க வேண்டும்: (2³)⁴ = 2¹².
- பெருக்கற்பலனின் அடுக்கு, தனித்தனி அடுக்குகளின் பெருக்கற்பலனாகும்: (2 × 3)⁴ = 2⁴ × 3⁴.
- ஈவின் அடுக்கு, தனித்தனி அடுக்குகளின் ஈவாகும்: (3 ÷ 2)⁴ = 3⁴ ÷ 2⁴.

இவை அனைத்தும் எண்ணிப் பார்ப்பதிலிருந்தே பெறப்படுகின்றன. 2³ என்பதில் மூன்று இரண்டுகளும், 2⁴ என்பதில் நான்கு இரண்டுகளும் உள்ளன. இரண்டையும் பெருக்கினால் ஏழு இரண்டுகள் வரிசையில் நிற்கும். அதனால்தான் அடுக்குகள் கூட்டப்படுகின்றன.

எடுத்துக்காட்டாக, (2⁵ × 6³) ÷ (4² × 3²) என்ற கோவையைச் சுருக்கலாம். 6³ என்பது 2³ × 3³ ஆகும். 4² என்பது 2⁴ ஆகும். எனவே இரண்டின் அடுக்கு 5 + 3 − 4 = 4; மூன்றின் அடுக்கு 3 − 2 = 1. விடை 2⁴ × 3 = 48. இவ்வழியில் 6912-ஐ 144-ஆல் வகுக்கும் வேலை தேவைப்படவில்லை. எல்லா எண்களையும் பகா எண்களின் அடுக்குகளாக எழுதிக்கொள்வதே இத்தகைய சுருக்கலின் முதல் படியாகும்.

பூச்சியமும் குறை எண்ணும் அடுக்காக வரும்போது, "இத்தனை முறை பெருக்குதல்" என்ற விளக்கம் பொருந்தாது. அப்போது விதிகளே வழிகாட்டுகின்றன. 2³ = 8, 2² = 4, 2¹ = 2 என அடுக்கு ஒவ்வொன்றாகக் குறையும்போது மதிப்பு பாதியாகிறது. அதே ஒழுங்கு தொடர வேண்டுமானால் 2⁰ = 1 எனவும், 2⁻¹ = ½ எனவும் கொள்ள வேண்டும். அடுக்கு பின்னமாக இருக்கும் நிலையும் இவ்வாறே. 9-இன் அடுக்கு அரை என்றால், அதை அதனாலேயே பெருக்கும்போது அடுக்கு ½ + ½ = 1 ஆகி 9 கிடைக்க வேண்டும். எனவே அது 9-இன் வர்க்கமூலமான 3 ஆகும்.

பெயர்களும் குறியீடும்

குறியீடு தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே விதிகள் அறியப்பட்டிருந்தன. கிரேக்கக் கணிதவியலாளர் ஆர்க்கிமிடீசு, உலகை நிரப்பும் மணல் துகள்களின் எண்ணிக்கையைக் கணக்கிட முயன்ற நூலில், பத்தின் அடுக்குகளைப் பெருக்கும்போது அவற்றின் வரிசை எண்கள் கூடுவதைப் பயன்படுத்தினார். இந்தியாவில் சமண அறிஞர் வீரசேனர் 9ஆம் நூற்றாண்டில் எழுதிய தவளா உரையில், ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்க முடியும் என்பதற்கு அர்த்தச்சேதம் என்ற பெயர் உள்ளது. 8-இன் அர்த்தச்சேதம் 3. 16-இன் அர்த்தச்சேதம் 4. இரண்டையும் பெருக்கினால் கிடைக்கும் 128-இன் அர்த்தச்சேதம் 7. இது முதல் விதியின் மறுவடிவமாகும். பிற்காலத்தில் மடக்கை எனப் பெயர்பெற்ற கருத்தும் இதுவே.

பெயரிடும் முறையிலேயே விதிகளின் வேறுபாடு வெளிப்பட்டது. இரண்டாம் அடுக்கு வர்க்கம் எனவும், மூன்றாம் அடுக்கு கனம் எனவும் அழைக்கப்பட்டன. இவ்விரு சொற்களும் இன்றும் தமிழில் வழங்குகின்றன. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் அது எத்தனையாவது அடுக்கு என்ற கேள்விக்கு இருவகை விடைகள் இருந்தன. கிரேக்கரான தியோபாந்தசு அடுக்குகளைக் கூட்டினார். அவருக்கு வர்க்கமும் கனமும் சேர்ந்தது ஐந்தாம் அடுக்கு. இந்தியக் கணித நூல்கள் அடுக்குகளைப் பெருக்கின. அவற்றில் வர்க்ககனம் என்பது ஆறாம் அடுக்கு, அதாவது கனத்தின் வர்க்கம். ஐந்தாம் அடுக்கைக் குறிக்க, பெருக்கல் என்னும் பொருளுடைய காதம் என்ற சொல்லை இறுதியில் சேர்த்து வர்க்ககனகாதம் என்றனர். இக்கால மாணவர்கள் அடுக்குகளைக் கூட்டுவதா, பெருக்குவதா எனத் தடுமாறும் இடமும் இதுவே. 2³ × 2² என்பதில் கூட்ட வேண்டும். (2³)² என்பதில் பெருக்க வேண்டும்.

அடுக்கைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லை 1544இல் செருமானியர் மைக்கேல் சுடீபல் அறிமுகப்படுத்தினார். அடிமானத்தின் வலப்புறம் மேலே சிறிய எண்ணாக அடுக்கை எழுதும் இன்றைய முறை, பிரெஞ்சு அறிஞர் ரெனே டெக்கார்ட் 1637இல் வெளியிட்ட வடிவியல் நூலால் பரவியது. பின்ன அடுக்குகளையும் குறை அடுக்குகளையும் பொதுவான முறையில் பயன்படுத்துவதை ஐசாக் நியூட்டன் 1676இல் எழுதிய கடிதங்களில் விளக்கினார்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அடிமானம், அடுக்கு, படிக்குறி ஆகிய சொற்கள் வழங்குகின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் அடி, சுட்டி, வலு என்னும் சொற்கள் உள்ளன. அங்கு இவ்விதிகள் சுட்டி விதிகள் எனப்படும்.

விதிகள் பேசாத இடம்

2³ + 2⁴ என்பதை 2⁷ என எழுதுவது மாணவர்களிடம் அடிக்கடி காணப்படும் பிழையாகும். 2³ + 2⁴ என்பது 8 + 16 = 24; 2⁷ என்பது 128. இங்குச் செய்யக்கூடியது பொதுக் காரணியை வெளியே எடுப்பது மட்டுமே: 2³ × (1 + 2) = 24. அதுபோலவே (2 + 3)² என்பது 2² + 3² ஆகாது. முன்னது 25, பின்னது 13. பெருக்கலில் காரணிகளின் வரிசையை மாற்றி அடுக்கலாம் என்பதால் அடுக்கு ஒவ்வொரு காரணிக்கும் பிரிந்து செல்கிறது. கூட்டலில் ஒவ்வோர் உறுப்பும் மற்ற உறுப்போடும் பெருகிக் குறுக்குப் பெருக்கங்களை உண்டாக்குவதால் அவ்வாறு பிரிவதில்லை.

அடுக்கு எண்களின் கூட்டலுக்குப் பொதுவிதி ஏதும் இல்லை. 3² + 4² = 5² என அமைகிறது; 2² + 3² = 13 என்பது எந்த எண்ணின் வர்க்கமும் அன்று. இரண்டு கனங்களின் கூட்டல் மற்றொரு கனமாக ஒருபோதும் அமையாது. மூன்றும் அதற்கு மேலுமான எல்லா அடுக்குகளுக்கும் இது பொருந்தும் என 17ஆம் நூற்றாண்டில் பெர்மா கூறியதை, ஆண்ட்ரூ வைல்சு 1990களில்தான் நிறுவினார்.

இராமானுசனின் கேள்வி, 1913

சீனிவாச இராமானுசன் (1887–1920) 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். 1913 மே முதல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு உதவித்தொகை பெற்றார். 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். இந்தச் சென்னை ஆண்டுகளில் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வாசகர்கள் தீர்ப்பதற்காக அவர் பல வினாக்களை அனுப்பினார். 1913இல் வெளியான 464ஆம் வினா இரண்டின் அடுக்குகளைப் பற்றியது. இரண்டின் அடுக்கிலிருந்து 7-ஐக் கழித்தால், அடுக்கு 3, 4, 5, 7, 15 ஆக இருக்கும்போது விடை முழு வர்க்கமாகிறது. வேறு மதிப்புகள் உண்டா என்பதே வினா.

2³ − 7 = 1², 2⁴ − 7 = 3², 2⁵ − 7 = 5², 2⁷ − 7 = 11², 2¹⁵ − 7 = 181² எனப் பள்ளி மாணவரும் சரிபார்க்கலாம். ஆயினும் வேறு மதிப்பு இல்லை என்பதை நார்வே நாட்டுக் கணிதவியலாளர் திரிக்வே நாகெல் 1948இல்தான் நிறுவினார். இன்று இச்சமன்பாடு இருவர் பெயராலும் வழங்குகிறது. ஒரு கழித்தல் குறி உள்ளே நுழைந்தவுடன் அடுக்குக்குறி விதிகள் பயனற்றுப் போவதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டு.

பெருக்கலுக்குள் நின்று விதிகளை இராமானுசன் எவ்வாறு பயன்படுத்தினார் என்பதற்கு, அவர் 1915இல் வெளியிட்ட உயர் பகு எண்கள் பற்றிய ஆய்வுரை சான்றாகும். தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும்விட மிகுதியான வகுத்திகளைக் கொண்ட எண் உயர் பகு எண் எனப்படும். 24 = 2³ × 3¹. இதன் ஒவ்வொரு வகுத்தியிலும் இரண்டின் அடுக்கு 0 முதல் 3 வரை நான்கு வழிகளிலும், மூன்றின் அடுக்கு 0 அல்லது 1 என இரு வழிகளிலும் அமையலாம். ஆக மொத்தம் 4 × 2 = 8 வகுத்திகள். வகுத்திகளின் எண்ணிக்கையை அடுக்குகள் மட்டுமே தீர்மானிக்கின்றன. அடிமானங்களுக்கு அதில் பங்கில்லை. எனவே சிறிய பகா எண்ணுக்குப் பெரிய அடுக்கைக் கொடுத்தால், அதே எண்ணிக்கையிலான வகுத்திகள் சிறிய எண்ணிலேயே கிடைக்கும். உயர் பகு எண்களில் 2, 3, 5 என்ற வரிசையில் அடுக்குகள் ஏறாமல் இறங்கியே வருவதற்கு இதுவே காரணம். கடைசிப் பகா எண்ணின் அடுக்கு, 4, 36 ஆகிய இரு எண்களைத் தவிர, எப்போதும் 1 என்பதையும் அவர் நிறுவினார். இந்த ஆய்வுரைக்காகக் கேம்பிரிட்ச் பல்கலைக்கழகம் 1916இல் அவருக்கு ஆய்வுப் பட்டம் வழங்கியது.

கூட்டலை அடுக்குக்கு மாற்றும் உத்தி

விதிகள் கூட்டலைப் பற்றிப் பேசாவிட்டாலும், கூட்டலை ஆராய முதல் விதியையே கருவியாக்க முடியும். எண்களை அடிமானத்தில் வைக்காமல் அடுக்கில் வைப்பதே அந்த உத்தி. அப்போது பெருக்கல் நடக்கும்போதெல்லாம் அடுக்கிலுள்ள எண்கள் தாமாகவே கூடும்.

எடுத்துக்காட்டாக, ஓர் எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எத்தனை வழிகளில் எழுதலாம் என அறிய, வர்க்க எண்களை அடுக்குகளாகக் கொண்ட 1 + ய + ய⁴ + ய⁹ + … என்ற தொடரை எடுத்துக்கொண்டு அதை அதனாலேயே பெருக்க வேண்டும். ய × ய⁴ ஒரு ய⁵-ஐயும், ய⁴ × ய இன்னொரு ய⁵-ஐயும் தருகின்றன. எனவே 5 என்ற எண் 1 + 4, 4 + 1 என இரு வழிகளில் அமைகிறது. பெருக்கற்பலனில் ய³ வருவதில்லை; ஆகவே 3 என்பது இரண்டு வர்க்கங்களின் கூட்டல் அன்று. கூட்டல் பற்றிய கேள்வி, ஒரு தொடரின் கெழுவைக் கண்டறியும் கேள்வியாக மாறிவிடுகிறது.

இவ்வுத்தி 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் காலம் முதல் அறியப்பட்டது. இராமானுசனும் கா. ஆ. ஆர்டியும் 1918இல் வெளியிட்ட, எண்களின் பிரிவினை பற்றிய ஆய்வுரையில், அத்தொடர்களின் கெழுக்களை மிகத் துல்லியமாக மதிப்பிடும் வட்ட முறையை உருவாக்கினர். ஆர்டியும் இலிட்டில்வுட்டும் 1920களில் அம்முறையை அடுக்கு எண்களின் கூட்டலுக்குப் பயன்படுத்தினர். 1919இல் நோயுற்றுத் திரும்பிய இராமானுசன், சில மாதங்கள் மயிலாப்பூர்ப் பகுதியில் தங்கியிருந்தார்; 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் காலமானார். அவர் பங்கேற்று உருவாக்கிய முறை சென்னையில் அடுத்த தலைமுறையிடம் சென்று சேர்ந்தது.

வேரிங் கேள்வியும் சிவசங்கரநாராயண பிள்ளையும்

1770இல் எட்வர்டு வேரிங் என்ற ஆங்கிலேயர், எந்த இயல் எண்ணையும் 4 வர்க்கங்களின், அல்லது 9 கனங்களின், அல்லது 19 நான்காம் அடுக்குகளின் கூட்டலாக எழுதிவிடலாம் எனச் சான்றின்றி எழுதினார். அடுத்தடுத்த அடுக்குகளுக்கும் இப்படி ஓர் எல்லை இருக்கும் என்பது அவர் கருத்து. வர்க்கங்களுக்கு 4 போதும் என அதே ஆண்டில் இலக்ராஞ்சி நிறுவினார். எல்லா அடுக்குகளுக்கும் ஓர் எல்லை உண்டு என 1909இல் இல்பர்ட்டு நிறுவினார். அந்த எல்லை எவ்வளவு என்பதே எஞ்சிய கேள்வி.

சு. சிவசங்கரநாராயண பிள்ளை 1901 ஏப்ரல் 5 அன்று குற்றாலத்தை அடுத்த வல்லம் என்ற ஊரில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்த அவர், ஆசிரியர் ஒருவரின் ஆதரவால் கல்வியைத் தொடர்ந்தார். நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் பயின்ற பின், 1927இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். கேம்பிரிட்சில் ஆர்டியிடம் பயின்று, சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த கா. ஆனந்தராவ் அவருக்கு வழிகாட்டினார். 1929 முதல் 1941 வரை பிள்ளை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். வேரிங் கேள்வி பற்றிய அவருடைய முக்கியக் கட்டுரைகள் அக்காலத்தில் எழுதப்பட்டவை.

ஆறாம் அடுக்கை எடுத்துக்கொண்டால் அவருடைய விடையைப் புரிந்துகொள்வது எளிது. 1⁶ = 1, 2⁶ = 64, 3⁶ = 729. 729-க்குக் குறைவான எண்களை எழுத 64-உம் 1-உம் மட்டுமே உதவும். 3⁶ ÷ 2⁶ என்பது ஐந்தாம் விதிப்படி ஒன்றரையின் ஆறாம் அடுக்கு. அதன் மதிப்பு ஏறத்தாழ 11.4. எனவே 729-க்குள் பதினொரு 64-கள் அடங்கும். அவற்றின் கூட்டல் 704. அதற்கு ஒன்று குறைந்த 703-ஐ எழுதப் பத்து 64-களும் அறுபத்து மூன்று 1-களும் தேவை. மொத்தம் 73. ஆகவே எல்லை 73-க்குக் குறைய முடியாது. பொதுவாகச் சொன்னால், இரண்டின் அடுக்கோடு ஒன்றரையின் அதே அடுக்கின் முழு எண் பகுதியைக் கூட்டி, 2-ஐக் கழித்தால் கிடைப்பதே கீழ் எல்லை. இரண்டாம், மூன்றாம், நான்காம் அடுக்குகளுக்கு இச்சூத்திரம் 4, 9, 19 என வேரிங் சொன்ன எண்களையே தருகிறது.

இதுவரையிலான பகுதிக்குப் பள்ளிக் கணிதம் போதும். கடினமான பகுதி, 703-ஐவிட எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் 73-க்கு மேல் தேவைப்படாது எனக் காட்டுவது. பெரிய எண்களுக்கு வட்ட முறை வழியிலான மதிப்பீடும், இடைப்பட்ட எண்களுக்கு நுட்பமான கணக்கும் வேண்டும். ஏழும் அதற்கு மேலுமான அடுக்குகளுக்கு, ஒன்றரையின் அடுக்குகளின் பின்னப் பகுதி ஒரு நிபந்தனைக்கு உட்பட்டால் சூத்திரம் உண்மை என 1936இல் பிள்ளை நிறுவினார். சிகாகோவில் இருந்த டிக்சனும் ஏறத்தாழ அதே காலத்தில் தனியாக இம்முடிவை அடைந்தார். அதில் அடங்காமல் நின்ற ஆறாம் அடுக்குக்கு, 73 என்பதைப் பிள்ளை 1940இல் நிறுவினார்.

கழித்தலிலும் அவர் ஆர்வம் காட்டினார். 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36 என வர்க்கம், கனம் முதலிய எல்லா அடுக்கு எண்களையும் வரிசையாக எழுதினால், அடுத்தடுத்த எண்களின் இடைவெளி 3, 4, 1, 7, 9, 2, 5, 4 என ஒழுங்கின்றி அமையும். எந்த எண்ணை இடைவெளியாக எடுத்தாலும், அதே வேறுபாடுள்ள அடுக்கு எண் இணைகள் முடிவுள்ள எண்ணிக்கையிலேயே இருக்கும் என அவர் கருதினார். இது பிள்ளையின் ஊகம் எனப்படுகிறது. பிற்காலத்தில் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்தின் அழைப்பையேற்று அமெரிக்கா செல்லும் வழியில், 1950 ஆகத்து 31 அன்று கெய்ரோ அருகே நிகழ்ந்த வானூர்தி விபத்தில் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 49.

மயிலாப்பூரிலிருந்து தரமணிக்கு

இயற்பியலாளர் அல்லாடி இராமகிருட்டிணன் 1950களின் இறுதியில், மயிலாப்பூரிலிருந்த தம் குடும்ப இல்லமான ஏகாம்ர நிவாசத்தில் இளம் ஆய்வாளர்களுக்கான கருத்தரங்குகளை நடத்தினார். 1960இல் சென்னைக்கு வந்த நீல்சு போர் அக்குழுவைப் பாராட்டியது, புதிய நிறுவனம் ஒன்று உருவாக வழிவகுத்தது. கணித அறிவியல் நிறுவனம் (மேட்சயன்சு) 1962 சனவரி 3 அன்று மாநிலக் கல்லூரியில் சு. சந்திரசேகரால் தொடங்கிவைக்கப்பட்டது. பின்னர் அடையாற்றை அடுத்த தரமணியில் சொந்த வளாகத்துக்கு மாறியது.

இராமகிருட்டிணனின் மகன் கிருட்டிணசாமி அல்லாடி, மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரியில் இளநிலை மாணவராக இருந்தபோதே எண்கணிதத்தில் ஈடுபட்டார். ஓர் எண்ணின் பகாக் காரணிகளை, ஒவ்வொன்றும் எத்தனை முறை வருகிறதோ அத்தனை முறை கூட்டினால் கிடைக்கும் எண்ணை அவர் ஆராய்ந்தார். 12 = 2² × 3 என்பதற்கு 2 + 2 + 3 = 7. 18 = 2 × 3² என்பதற்கு 2 + 3 + 3 = 8. இரண்டையும் பெருக்கினால் வரும் 216 = 2³ × 3³ என்பதற்கு 15. பெருக்கும்போது அடுக்குகள் கூடுவதால் இந்த மதிப்புகளும் கூடுகின்றன. இது தொடர்பாக அவரைச் சந்திக்க அங்கேரியக் கணிதவியலாளர் பால் ஏர்டீசு 1975 சனவரியில் சென்னைக்கு வந்தார். இருவரும் இணைந்து எழுதிய ஆய்வுரை 1977இல் வெளியானது.

வேரிங் கேள்வியில் ஆறுக்குக் கீழ் இரு அடுக்குகள் தீராமல் இருந்தன. ஐந்தாம் அடுக்குக்கு 37 என்பதைச் சீனாவின் சென் சிங்ருன் 1964இல் நிறுவினார். எஞ்சியது நான்காம் அடுக்கு. 79-ஐ எழுத நான்கு 16-களும் பதினைந்து 1-களும், ஆக 19 தேவை என்பது எளிதில் தெரியும். 19 எப்போதும் போதுமா என்பதே கேள்வி. 1859இல் இலியோவில் 53 போதும் எனக் காட்டியிருந்தார். பின்வந்தோர் அதைப் படிப்படியாகக் குறைத்தனர். இரா. பாலசுப்பிரமணியன் அதை முதலில் 21 ஆகவும், பிறகு 20 ஆகவும் குறைத்தார். 1986இல் பிரான்சின் தெசுயிலெர், திரெசு ஆகியோருடன் இணைந்து 19 என்ற இறுதி விடையை அறிவித்தார். வேரிங் எழுதிய 216 ஆண்டுகளுக்குப் பின் அவருடைய மூன்று எண்களும் உறுதியாயின. பாலசுப்பிரமணியன் பின்னாளில் தரமணி நிறுவனத்தின் இயக்குநராக விளங்கினார். பிள்ளையின் ஆய்வுரைகள் முழுவதையும் இரா. தங்கதுரையுடன் இணைந்து பதிப்பித்தவரும் அவரே. அத்தொகுப்பு 2010இல் வெளிவந்தது.

சிறிய அடுக்குகளே பெரிய தடைகளாக இருந்தன என்பது இவ்வரலாற்றில் கவனிக்கத்தக்கது. அடுக்கு குறையும்போது இடைப்பட்ட எண்களின் பரப்பைக் கட்டுக்குள் கொண்டுவருவது கடினமாகிறது.

பிழையான விதி மெய்யாகும் இடம்

(2 + 3)-இன் அடுக்கை 2, 3 ஆகியவற்றின் அடுக்குகளாகப் பிரிப்பது பிழை என மேலே கூறப்பட்டது. ஆனால் அடுக்கு ஒரு பகா எண்ணாக இருந்து, அந்தப் பகா எண்ணால் வகுத்து வரும் மீதியை மட்டும் பார்த்தால், அப்பிழை உண்மையாகிவிடும். (2 + 3)⁵ = 3125; 2⁵ + 3⁵ = 275. இரண்டின் வேறுபாடான 2850 ஐந்தால் மீதியின்றி வகுபடும். குறுக்குப் பெருக்கங்கள் அனைத்தும் அந்தப் பகா எண்ணின் மடங்குகளாக அமைந்து மறைந்துவிடுவதே காரணம். அடுக்கு பகு எண்ணானால் இது பொதுவாக நடப்பதில்லை. (1 + 1)⁴ = 16; 1⁴ + 1⁴ = 2; வேறுபாடான 14 நான்கால் வகுபடாது.

இதனால் ஓர் எண் பகா எண்ணா எனச் சோதிக்க இவ்வியல்பு பயன்படும். எண்களை மட்டும் வைத்துச் சோதித்தால் 341 = 11 × 31 போன்ற போலிகள் சில நேரங்களில் தப்பிவிடும். எண்ணுக்குப் பதில் மாறியைக் கொண்ட கோவையை வைத்தால் போலிகள் தப்ப முடியாது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரச் கயால், நிதின் சக்சேனா ஆகியோர் 2002இல் இவ்வடிப்படையில் விரைவான பகா எண் சோதனையை உருவாக்கினர். அகர்வால் 1990களில் சென்னையில் சி. எஸ். சேசாத்திரி தொடங்கிய கணிதப் பள்ளியில் பணியாற்றியவர். தியாகராய நகர் கோ. ந. செட்டி சாலையில் இயங்கிய அப்பள்ளியே பின்னர் சென்னைக் கணிதக் கழகமாக வளர்ந்து, சிறுசேரிக்கு இடம் மாறியது.

தீராத கேள்விகள்

வேரிங் கேள்விக்கான சூத்திரம் எல்லா அடுக்குகளுக்கும் உண்மை என இன்னும் நிறுவப்படவில்லை. கணினி வழியாக 47 கோடிக்கும் மேற்பட்ட அடுக்குகள் வரை அது சரிபார்க்கப்பட்டுள்ளது. விதிவிலக்குகள் இருந்தாலும் அவை முடிவுள்ள எண்ணிக்கையில்தான் இருக்கும் எனக் குர்த் மாலர் 1957இல் நிறுவினார். எந்த விதிவிலக்கும் இதுவரை கண்டறியப்படவில்லை.

பிள்ளையின் ஊகத்தில் இடைவெளி 1 என்ற ஒரு நிலை மட்டும் முழுமையாகத் தீர்ந்துள்ளது. 8, 9 ஆகியவற்றைத் தவிர அடுத்தடுத்து வரும் அடுக்கு எண்கள் வேறில்லை எனக் கத்தலான் 1844இல் ஊகித்ததை, பிரேதா மிகைலெசுகு 2002இல் நிறுவினார். இடைவெளி 2-க்கு 25, 27 என்ற இணை மட்டுமே அறியப்பட்டுள்ளது. வேறு இணை இல்லை என்பதற்குச் சான்று இல்லை. வேறுபாடு 6 உள்ள இணை ஒன்றுகூடக் கண்டறியப்படவில்லை. இல்லை என்றும் நிறுவப்படவில்லை. 5² = 25, 3³ = 27 எனப் பள்ளியில் எழுதிப் பழகும் இரு எண்களின் கழித்தலில், வல்லத்தில் பிறந்த கணிதவியலாளர் எழுப்பிய கேள்வி இன்றும் திறந்தே உள்ளது.